கல்லடிப் பட்டறையில் ஒரு விமானச் சுக்கான்: வாங்கிய சாமான்களும் செய்த சோதனைகளும்

விமானத்தின் மூக்கை இடம் வலம் திருப்பும் வால் சுக்கான் முடிந்தது. மேசையில் படுக்கவைத்து மேல் முனையிலும் கீழ் முனையிலும் கோணம் பார்த்ததில் முறுக்கு 0.1 பாகைக்கு மேல் இல்லை. வேகமானியையும் உயரமானியையும் தண்ணீர்க் குழாயில் பூட்டிச் சோதித்து, எந்த இடத்தில் எவ்வளவு கூட்டிக் குறைத்துக் காட்டுகின்றன என்று அட்டையில் எழுதி ஒட்டியாயிற்று. இனிப் பெட்டி அடித்து மெல்பேர்னுக்கு அனுப்ப வேண்டியதுதான். அதற்கு முன்னால், எந்தச் சாமான் உழைத்தது, எது சும்மா காசைத் தின்றது என்பதை எழுதி வைக்கிறேன். இந்தப் பக்கத்தில் இப்படியொரு வேலையில் இறங்கப்போகும் அடுத்த ஆளுக்கு உதவும்.

விமானம் மச்சானுடையது. இரண்டு பேர் இருக்கக்கூடிய, முழுக்க அலுமினியத்தில் ஆன சின்ன விமானம் ஒன்றை அங்கே சொந்தமாகக் கட்டுகிறார். அவுஸ்திரேலியாவில் சொந்தக் கட்டுமானம் என்று பதிவதானால் வேலையின் பெரும்பகுதியைக் கட்டுபவரே செய்திருக்க வேண்டும். வேறு ஆளிடம் காசைக் கொடுத்துச் செய்வித்துவிட்டு நான் கட்டினேன் என்று சொல்ல ஏலாது. நீண்ட லீவில் மட்டக்களப்பு, கல்லடிக்கு வந்தவர் சும்மா இருக்க மாட்டாமல், வால் சுக்கானுக்கான தகடுகளையும், பழையதாக வாங்கிய வேகமானி, உயரமானி என்ற இரண்டு கருவிகளையும் கொண்டுவந்து என் பட்டறையில் இறக்கினார். எனக்கு வள்ளத்து எஞ்சின் வேலை. அவுட்போட் மோட்டரும் வெல்டிங்கும் கையில் இருக்கின்றன, விமானம் தெரியாது. “உனக்கு விமானம் தெரியத் தேவல்ல மச்சான், ஓட்டை சரியாப் போடத் தெரிஞ்சாக் காணும்” என்றார். ஓட்டை போடப் போன நேரத்தைவிட அதை அளக்கப் போன நேரம்தான் கடைசியில் கூடவாக இருந்தது.

முதலில் மேசை. எட்டுக்கு நாலு அடி, 18 மில்லிமீற்றர் பிளைவூட், கீழே பொக்ஸ் பார் சட்டம், ஒவ்வொரு காலிலும் உயரம் கூட்டிக் குறைக்க ஒரு போல்ட். மேசை முறுகியிருந்தால் அதில் வைத்து ரிவெட் அடிக்கும் சுக்கானும் அதே முறுக்கோடுதான் எழும்பும். பிறகு அதை நிமிர்த்த வழி கிடையாது. இரண்டு அடி ஸ்பிரிட் லெவல் எட்டு அடிக்கு உதவாது. நடுவில் சரியாகக் காட்டும், மூலையில் கைவிடும். நாவற்குடாவிலிருந்து பக்கத்து வளவில் மதில் கட்ட வந்த மேசன் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கும் தன் தெளிவான ரியூபைத் தந்தார். “உள்ளுக்குக் காத்துக் குமிழி நிண்டா மட்டம் பிழைக்கும் மனே. முதல்ல தட்டித் தட்டி அத வெளிய எடு” என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு மூலையிலும் நீர்மட்டம் ஒரு மில்லிமீற்றருக்குள் வரும்வரை போல்ட்டைத் திருப்பினோம். மாரி தொடங்கியதும் பிளைவூட் ஈரம் குடித்துக் கொஞ்சம் அசையும், ஆகையால் ரிவெட் அடிக்கும் நாளெல்லாம் காலையில் ஒருமுறை ரியூப் பிடித்தே தொடங்கினோம். மீற்றர் நூறு ரூபாகூட வராத அந்தக் குழாய்க்கு இந்தக் கதையில் இன்னொரு வேலையும் இருக்கிறது.

கோணம் பார்க்க ஒரு டிஜிற்றல் கோணமானி, 0.1 பாகை வரை காட்டுவது. இதை நம்பலாமா என்று பார்க்க ஒரு வழிதான் உண்டு: ஒரு நேரான இரும்புச் சட்டத்தில் வைத்து வாசித்து, அப்படியே தலைமாற்றி வைத்துத் திரும்ப வாசிப்பது. இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்து சாய்வுப் பக்கம் மட்டும் மாறினால் நல்லது. 250 மில்லிமீற்றர் அகலத்தில் 0.1 பாகை என்பது அரை மில்லிமீற்றரிலும் குறைவு. கண்ணால் பிடிக்க முடியாத அளவு அது, ஆகவே இந்தக் காசு வீணில்லை.

தாடைகளால் பிடித்து விட்டம் அளக்கும் வேர்ணியருக்கு வருகிறேன். பட்டறையில் இருந்தது 3200 ரூபாவுக்கு வாங்கிய டிஜிற்றல் வேர்ணியர். மச்சான் அதைத் தூக்கி எறிந்துவிட்டு நல்ல ஜப்பான் சாமான் வாங்குவோம் என்றார். எறிவதற்கு முன் சோதித்தோம். அளவுக் கட்டை என்று ஒன்று விற்கிறார்கள், விலை கொஞ்சநஞ்சமில்லை. அதற்குப் பதில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் பெட்டி உடைக்காத 6203 பேரிங் ஒன்று வாங்கினோம். அதன் வெளிவிட்டம் 40 மில்லிமீற்றர், உள்விட்டம் 17. நல்ல கம்பனிப் பேரிங்கில் இந்த இரண்டும் நூறில் ஒரு மில்லிமீற்றர் அளவுக்குள் நிற்கும். அகலம் 12 என்று போட்டிருந்தாலும் அதற்குத் தரும் சலுகை பத்தில் ஒன்றுக்கு மேல், ஆகவே அகலத்தை வைத்துச் சோதிக்கக் கூடாது. எங்கள் மலிவு வேர்ணியர் வெளியே 39.99 என்று சொல்லிற்று. உள்ளே 16.91. வெளித் தாடை தங்கம், உள்தாடை தகரம். அந்த விபரம் தெரிந்த பிறகு எறியத் தேவை இருக்கவில்லை. ஓட்டையை மட்டும் அதால் அளப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

அப்படியானால் ஓட்டையை எதால் அளப்பது? ட்ரில் பிட்டின் தண்டால். 1/8 அங்குல ரிவெட்டின் விட்டம் 3.18 மில்லிமீற்றர், அதற்கு 3.26 முதல் 3.3 வரை ஓட்டை வேண்டும். 3.5 ஆகப் போனால் ரிவெட் உள்ளே ஆடும். பிட்டின் தண்டு சில கம்பனிகளில் முனையைவிட நூறில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் மெலிவாக இருக்கும், எனவே முதலில் வெளித் தாடையால் தண்டை அளந்து, 3.28 வந்த தண்டு ஒன்றையும் 3.38 வந்த தண்டு ஒன்றையும் தேர்ந்து, மெலிந்ததில் பச்சை நிறமும் தடித்ததில் சிவப்பும் பூசினோம். பச்சை போகவேண்டும், சிவப்பு போகக்கூடாது. மச்சான் ஓட்டை போட, நான் பின்னால் பச்சையும் சிவப்புமாகக் குத்திக்கொண்டு போவேன்.

3.3 பிட் எல்லா ஹாட்வெயார் கடையிலும் கிடைக்காது. 3.2 இருக்கும், 3.5 இருக்கும், நடுவில் உள்ளதைக் கேட்டால் ‘அப்படி ஒன்று வாறதில்லை’ என்பார்கள். எம்4 மரை வெட்டுவதற்கு முன் போடும் பிட் தாருங்கள் என்று கேளுங்கள், அது 3.3 தான். கல்முனையில் அப்படிக் கேட்டுத்தான் எடுத்தோம். 5/32 ரிவெட்டுக்கு வேண்டிய 4.1 அப்படிச் சிக்கவில்லை. எம்5 மரைப் பிட் 4.2 ஆகிவிடும், அது கொஞ்சம் தளர்வு. அதை மச்சான் அங்கிருந்து வரவழைத்தார். பிட் வாங்குவதில் சிக்கனம் வேண்டாம். முனை 135 பாகையில் பிளந்து தீட்டிய கோபால்ட் பிட் தகட்டில் வைத்த இடத்திலேயே கடிக்கும். மலிவுப் பிட் சறுக்கி ஒரு கீறு போட்டுவிட்டுத்தான் கடிக்கும். அலுமினியத் தகட்டில் கீறு என்பது பின்னொரு நாள் வெடிப்புத் தொடங்கும் இடம். ஒரே அடியில் 3.3 போடாமல் முதலில் 2.5 போட்டு, தகடுகளைக் கிளீகோவால் பிடித்து, பிறகு பெருப்பித்தோம்.

கிளீகோ என்பது ஓட்டைக்குள் நுழைந்து இரண்டு தகட்டையும் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங் ஊசி. வெள்ளி நிறம் 3/32 ஓட்டைக்கு, செம்பு நிறம் 1/8 க்கு, கறுப்பு 5/32 க்கு. இதற்கு இங்கே மாற்று இல்லை. சின்ன நட்டும் போல்ட்டும் போட்டுப் பார்த்தோம். பிடிக்கும், ஆனால் பின்பக்கம் கை போகாத மூடிய பெட்டிக்குள் நட்டை யார் பிடிப்பது? செம்பு நூறும் கறுப்பு முப்பதும் இந்தச் சுக்கானுக்குப் போதுமாக இருந்தன. வெள்ளியும் நூறு இருந்திருந்தால் 2.5 ஓட்டையிலேயே முழுச் சுக்கானையும் ஒருதரம் கட்டிப் பார்த்துவிட்டுப் பெருப்பித்திருக்கலாம். அடுத்தது அதுதான் வாங்குவேன்.

ஓட்டையின் நடுவிலிருந்து தகட்டின் ஓரம் வரை குறைந்தது ரிவெட் விட்டத்தின் இரு மடங்கு இருக்க வேண்டும். 1/8 ரிவெட்டுக்கு அது 6.4 மில்லிமீற்றர். இதைப் பார்க்க ஒவ்வொரு தரமும் வேர்ணியர் எடுக்காமல், 6.4 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு பித்தளைத் துண்டை அராவி வைத்துக்கொண்டோம். கோடு போட மெல்லிய முனையுள்ள பெர்மனன்ற் மார்க்கர் மட்டும். ஊசியால் கீறுவது கூடாது. பென்சிலும் கூடாது, அதன் கரி அலுமினியத்தோடு சேர்ந்து அரிப்பை உண்டாக்கும். இரும்பு அராவிய அரத்தை அலுமினியத்தில் வைக்கவே கூடாது. பல்லில் ஒட்டிய இரும்புப் பொடி தகட்டில் பதிந்து, நாலு நாள் வாவிக் காற்றில் சிவப்புப் புள்ளியாக எழும்பும். வாவிக் காற்று என்ன செய்யும் என்று சந்தேகம் உள்ளவர்கள் 1924 இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தின் இரும்பைப் போய்ப் பார்க்கலாம். எங்கள் பட்டறை அங்கிருந்து நடை தூரம். அலுமினியத்துக்கென்று தனி அரம் மூன்று வாங்கிப் பிடியில் மஞ்சள் ரேப் சுற்றிவிட்டேன். பையன்மார் தெரியாமல் எடுத்துவிடக் கூடாதே.

ரிவெட் இழுக்கும் காற்றுத் துவக்கு 21,000 ரூபா. சாதாரண பொப் ரிவெட் துவக்கின் மூக்குத் தட்டையாக இருக்கும். இந்த விமானத்தில் தட்டைத் தலை ரிவெட்டை, குழிவாகக் கடைந்த மூக்கால் இழுத்து, இழுக்கும்போதே தலையை அரைக்கோளமாக்குவது முறை. துவக்கோடு வந்த மூக்குகளை லேத் கடையில் கொடுத்துக் குழி வெட்டினோம். லேத்காரர் முதலில் வெட்டித் தந்தது ஆழம் கூடிவிட்டது. தலை நடுவில் கூம்பாகி ஓரம் தகட்டில் படியாமல் நின்றது. பழைய தகட்டுத் துண்டில் இழுத்துப் பார்த்ததால் சுக்கானுக்குச் சேதமில்லை. பிறகு நானே பக்கத்தில் நின்று கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவித்து, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு ரிவெட் இழுத்து, தலையின் ஓரத்தில் இடைவெளி பார்க்கும் 0.05 மில்லிமீற்றர் ஃபீலர் தகடு நுழைகிறதா என்று பார்த்தோம். நுழையாதபோது நிறுத்தினோம். பளபளவென்று பாதி மணி மாதிரி உட்கார்ந்தது. அன்றிலிருந்து பிட் மாற்றினாலும் மூக்கு மாற்றினாலும் முதல் ரிவெட் துண்டுத் தகட்டுக்குத்தான். துண்டை வாளால் அறுத்து உள்பக்கம் விரிந்திருக்கிறதா என்றும் பார்ப்போம்.

கொம்பிரசர் பட்டறையில் இருந்த 50 லீற்றர் ஒன்று. மட்டக்களப்பு ஈரப்பதத்தில் ஒரு பகல் ஓடினால் தாங்கியின் அடியில் தேநீர்க் கோப்பை அளவு தண்ணீர் சேரும். பின்னேரமானதும் வடிகுழாயைத் திறந்துவிடுங்கள், லைனில் ஒரு தண்ணீர்ப் பொறியும் போடுங்கள். அவ்வளவுதான்.

டோர்க் ரென்ச் ஒரு நீண்ட கதை. என்னிடம் இருந்தது அரை அங்குல ரென்ச், 28 நியூட்டன் மீற்றரில் தொடங்குவது. அவுட்போட் மோட்டர் தலைக்கு அது போதும். விமானத்தின் ஏஎன்3 என்ற மெல்லிய அளவு போல்ட்டுக்கு வேண்டியது 20 முதல் 25 அங்குல இறாத்தல், அதாவது 2.3 முதல் 2.8 நியூட்டன் மீற்றர். அடுத்த பருமனான ஏஎன்4 க்கு 50 முதல் 70, நம் கணக்கில் 5.6 முதல் 7.9. என் ரென்ச் ‘டிக்’ என்று சொல்வதற்கு முன் ஏஎன்3 இரண்டாக முறிந்து கையில் வந்துவிடும். கொழும்பு பழைய சோனகத் தெருவில் சைக்கிள் வேலைக்கு விற்கும் கால் அங்குல ரென்ச் எடுத்தோம், 2 முதல் 24 வரை. அதையும் சோதித்தோம்.

வைஸில் ரென்ச்சின் சதுர முனையைச் செங்குத்தாகப் பூட்டி, கைப்பிடி கிடையாகச் சுழலும்படி விட்டு, அச்சிலிருந்து சரியாக 20 சென்ரிமீற்றரில் கயிறு கட்டி, பயணப் பெட்டி நிறுக்கும் தொங்கு தராசால் கைப்பிடிக்குச் செங்கோணமாக, கிடையாகவே இழுத்தோம். தராசு சரியா என்று பார்க்க ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல். கைப்பிடியை மேலும் கீழுமாக விட்டுப் பாரத்தைத் தொங்கவிடக் கூடாது. ரென்ச்சின் சொந்தப் பாரம் கணக்கில் நுழைந்துவிடும். 2.5 இல் வைத்தால் 1.27 கிலோவில் ‘டிக்’ கேட்க வேண்டும். கேட்டது 1.42 இல். 6 இல் வைத்தால் 3.06 வரவேண்டிய இடத்தில் 3.10, அது நல்லது. இந்த வகை ரென்ச் எல்லாம் அளவின் அடித்தட்டில் இப்படித்தான். ஆகவே ஏஎன்4 க்கு அதை வைத்துக்கொண்டு, ஏஎன்3 க்கு முள் வளைந்து காட்டும் பழைய பாணி ரென்ச் ஒன்றை, 7 நியூட்டன் மீற்றர் வரை உள்ளது, வரவழைத்தோம். அதில் ஸ்பிரிங் இல்லை, டிக் இல்லை, பழுதாக ஒன்றுமில்லை. முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். இன்னொன்று: போல்ட்டின் தலையைத் திருப்பாமல் நட்டைத் திருப்ப வேண்டும். நைலோன் வளையமுள்ள நட் சும்மா சுழலவே 0.5 கேட்கிறது என்றால் அந்த 0.5 ஐயும் மேலே கூட்டிப் போட வேண்டும். கட்டுமானக் கையேடு வேறு அளவு சொன்னால் அதுதான் சட்டம்.

சுக்கானை இழுக்கும் கம்பிவடம் 1/8 அங்குலம், ஏழுக்குப் பத்தொன்பது பின்னல், அதாவது ஏழு புரி, புரிக்குப் பத்தொன்பது கம்பி. நாகம் பூசிய இரும்பில் அது அறுவதற்கு 2000 இறாத்தல், 907 கிலோ பிடிக்க வேண்டும். நுனியை மடித்துச் செம்புக் குழலுக்குள் விட்டு நசுக்குகிறோம். இந்த அளவுக்கு மூன்று நசுக்கு, நடுவில் முதலாவது. நசுக்கியபின் அளவுத் தகட்டின் வெட்டுக்குள் குழல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் நசுக்கியது போதாது, நசுக்கும் கருவியின் திருகைச் சரிசெய்ய வேண்டும். ஆனாலும் கண்ணால் பார்த்து இது பிடிக்கும் என்று எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய இரும்புக் கடையில் ஒரு தொன் தொங்கு தராசை ஒரு பகலுக்கு வாங்கி வந்து, எஞ்சின் தூக்கும் செயின் புளொக்கில் மாதிரி வடம் ஒன்றைக் கட்டி இழுத்தோம். அறுபது வீதம், அதாவது 544 கிலோ, மூன்று நிமிடம் பிடிக்க வேண்டும். அறுந்தால் சவுக்கு மாதிரி அடிக்கும் என்பதால் வடத்தின் மேல் ஈரச் சாக்குப் போட்டு, கதவுக்கு வெளியே நின்று இழுத்தோம். குழல் ஓரத்தில் மார்க்கரால் போட்டிருந்த கோடு அசையவில்லை. வள்ளங்களுக்கு நாம் போடும் யூ கிளாம்ப் ஒன்றையும் ஆசைக்கு அதே தராசில் போட்டோம். அது 300 ஐத் தாண்டும்போதே மெல்ல மெல்ல நழுவத் தொடங்கிவிட்டது. நங்கூரத்துக்குச் சரி.

இனி வேகமானி. முன்னால் மோதும் காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் இது வேகத்தைக் காட்டும், அந்த அழுத்தத்தைத் தண்ணீர் நிரலால் அளக்கலாம். இதைச் சோதிக்கப் பெரிய ஆய்வுகூடம் வேண்டும் என்று நினைத்திருந்தேன். வேண்டியது ஒரு பலகை, ஒரு உருக்கு அடிமட்டம், மேசன்மாரின் ரியூபில் ஒரு மீற்றர், ஒரு ரி மூட்டு, ஃபாமசியில் வாங்கிய 20 மில்லி சிரிஞ்ச். ரியூபை யூ வடிவில் பலகையில் கட்டி, பாதிவரை தண்ணீர் விட்டு, நீல மை ஒரு சொட்டும் சோப்பு நீர் ஒரு சொட்டும் சேர்த்தோம். சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் ரியூபின் சுவரில் ஒட்டிக்கொண்டு இழுபடும். ரி மூட்டின் ஒரு வாய் யூ குழாய்க்கு, ஒரு வாய் வேகமானியின் முன்காற்றுத் துவாரத்துக்கு, மற்றது சிரிஞ்சுக்கு. பின்துவாரம் திறந்தபடி. வாயால் ஊதவே கூடாது; ஒரு ஊதலில் முள் வளையத்தைத் தாண்டிப்போகும், எச்சில் ஈரமும் உள்ளே போய்விடும்.

கடல்மட்டக் காற்றுக்கு 40 நொட் (மணிக்கு 40 கடல் மைல்) என்றால் இரண்டு நிரலுக்கும் இடையில் 26.4 மில்லிமீற்றர். 60 க்கு 59.5. 80 க்கு 105.8. 100 நொட்டுக்கே 165 மில்லிமீற்றர்தான், ஒரு சாணுக்குக்கூட வராது. கணக்குப் போட விரும்புபவர்கள் நொட் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, விடையை 0.01653 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஏறியதை மட்டும் அளந்தால் பாதிதான் வரும். ஏறிய மட்டத்துக்கும் இறங்கிய மட்டத்துக்கும் உள்ள முழு இடைவெளியை எடுக்க வேண்டும். மச்சான் சிரிஞ்சை மயிரிழை மயிரிழையாக அழுத்த, நான் அடிமட்டத்துக்கு நேரே கண்ணை வைத்து நிறுத்தச் சொல்வேன். கருவியின் கண்ணாடியை விரல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு முள்ளை வாசிப்பது.

தண்ணீர் 40 என்று சொன்னபோது முள் 44 இல் நின்றது. 50 க்கு 53, 60 க்கு 62, 80 க்குச் சரியாக 80, 100 க்கு 99. இறங்கும்போதும் ஏறக்குறைய அதே எண்கள். பறப்பின் நடுவேகத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மெதுவாகப் போகும்போதுதான் கூட்டிக் காட்டுகிறது. இறங்கும் நேரத்தில், இறக்கை காற்றைப் பிடிப்பதை விடப்போகும் வேகத்துக்குக் கிட்டத்தில், 44 இருக்கிறது என்று ஓட்டுபவர் நம்பிக்கொண்டிருக்க உண்மையில் 40 தான் இருக்கும். குறைத்துக் காட்டும் கருவி பயத்தைத்தான் தரும், இது அதைவிட மோசம். கண்ணாடியைக் கழற்றி முள்ளைத் திருப்பிவைக்கலாமா என்று யோசித்தோம், விட்டுவிட்டோம். அந்த வேலைக்கு உரிமம் உள்ளவர்கள் மெல்பேர்னில் இருக்கிறார்கள். திருத்த அட்டை மட்டும் பின்னால் ஒட்டியிருக்கிறது. 100 இல் நிறுத்தி, கிளிப் போட்டு ஒரு நிமிடம் விட்டதில் முள் இறங்கியது. கசிவு கருவியில் இல்லை, எங்கள் ரி மூட்டில். பட்டி இறுக்கியதும் நின்றது.

உயரமானிக்கு உறிஞ்ச வேண்டும். 1000 அடி ஏற்றிக் காட்ட ஏறத்தாழ 36 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) உறிஞ்சி, அடைத்து, ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்காவிட்டால் தேறும். இங்கே ஒரு பொறி உண்டு. வேகமானியும் அதே பின்காற்று லைனில் பூட்டியிருந்தால், உறிஞ்சும்போது அதன் முள் 150 நொட்டுக்குக் கிட்டப் பாயும். 120 வரை உள்ள கருவி அத்தோடு சரி. முன் துவாரத்தையும் பின் துவாரத்தையும் ஒரு ரி போட்டு ஒன்றாக இணைத்துவிட்டே உறிஞ்ச வேண்டும். மச்சானுக்கு இது முன்பே தெரிந்திருந்தது, நல்ல காலம்.

கசிவு இல்லை. ஆனால் காட்டும் உயரம் சரியா? முதலில் அதை அலுமாரித் தட்டிலேயே வைத்து முள்ளைப் பூச்சியத்தில் விட்டேன். காலை பத்து மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் இடையில் தட்டை விட்டு அசையாத கருவி 80 அடி உயர்ந்தது. பழுது இல்லை. நம் பக்கத்தில் காற்றழுத்தம் அந்த நேரத்துக்குள் தினமும் மூன்று ஹெக்டோபாஸ்கல் அளவில் இறங்கும், ஒன்றுக்கு 27 அடி வீதம் கணக்கு நேராக வருகிறது. என் ஃபோனில் உள்ள அழுத்தமானியும் அதையே சொன்னது. பிறகு குடும்பத்தோடு மலைநாட்டுக்குப் போகும் பயணம் ஒன்று வாய்த்தது. பிஸ்கட் ரின்னில் துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். பதுளையில் ரயில் ஏறி, நாட்டின் மிக உயர்ந்த ஸ்ரேசனான பட்டிப்பொலையில் பார்த்தால், பலகை 6200 அடிக்கு மேல் சொல்ல முள் 5900 க்குக் கிட்ட நின்றது. மச்சானுக்கு ஃபோன் போட்டேன். சிரித்தார். உயரமானி கடல்மட்டத்தில் 15 பாகை என்று வைத்துச் செய்தது; நம் நாட்டுச் சூட்டில் காற்று விரிந்து நிற்பதால் உண்மையைவிட ஐந்து வீதம் அளவில் குறைத்துத்தான் காட்டும், 300 அடி குறைந்தால் கருவி சரி என்றார். எதிர்ச் சீற்றில் இருந்த அம்மா ஒருவர் அது என்ன பெரிய மணிக்கூடு என்று கேட்டுக்கொண்டே வந்தார். விளங்கப்படுத்தப் போய் நானே குழம்பினேன்.

மல்டிமீற்றர் எதுவும் காணும். எஞ்சின் எண்ணெயின் வெப்ப உணரியை அதில் பூட்டி, கேத்திலில் கொதிக்கும் தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்த்தோம். கல்லடியில் கொதிநீர் 100 பாகை. பட்டிப்பொலையில் செய்திருந்தால் 94 க்குக் கிட்டத்தான் வந்திருக்கும்.

அடுத்த முறை வாங்கும் ஒழுங்கை மாற்றுவேன். காற்றுத் துவக்கைக் கடைசிக்குத் தள்ளி, ஒரு சுக்கானுக்குக் கைத்துவக்கே போதும் என்று விட்டு, அந்த 21,000 இல் முள் ரென்ச்சையும் வெள்ளிக் கிளீகோவையும் நல்ல பிட்டுகளையும் முதலில் எடுப்பேன். கிடைமட்ட வால் தகடுகள் வரும் வருடம் வருமாம். விமானம் முழுமையானதும் மூன்று சில்லுக்கும் கீழே மூன்று தராசு வைத்துப் பார எடையும் சமநிலையும் பார்க்க வேண்டும். அதற்கு 300 கிலோத் தராசு மூன்று அங்கே வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார். எடுத்தால், 20 லீற்றர்த் தண்ணீர்க் கான்களை ஒவ்வொன்றாக ஏற்றி மூன்றும் ஒரே எண் சொல்கின்றனவா என்று முதலில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வெறும் கானின் பாரத்தைக் கழிக்க மறக்க வேண்டாம் என்றும்.